வெள்ளூரணியில் தீ பற்றாத காலம்

வெள்ளூரணிக்காரர்கள் இன்றைக்கும் எந்தக் காரியம் எப்போது நடந்தது என்று யோசிக்கும்போது, தீ நிற்பதற்கு முன்னாலா பின்னாலா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அந்தத் தீ நின்றது, கரிசல் காடு மழைக்கு வாய் பிளந்து கிடந்த ஒரு பகல் வேளையில், தனுஷ்கோடி முதலாளியின் கார் செட்டில், மெக்கானிக் தவசியின் கண் முன்னால்.

தனுஷ்கோடிக்குப் பட்டாசு ஆபீஸ் இருந்தது. அந்தப் பக்கத்தில் பட்டாசு செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கார் அவருடைய அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் கேப்டனிடம் வாங்கியது, பால் ஏட்டு நிறத்தில் நீண்ட மூக்குள்ள பழைய ஜெர்மன் கார். மற்ற வண்டிகளெல்லாம் கார்புரேட்டர் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சிக் குடித்த காலத்திலேயே அதற்கு இன்ஜெக்டர் வைத்திருந்தார்கள், பின்பக்கத்துப் பம்பு பெட்ரோலை நெருக்கி அனுப்ப, நூல் பின்னிய ரப்பர் ஹோஸ்கள் வழியாக அது இன்ஜினுக்குள் ஊசி போட்டதுபோல் இறங்கும். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். வருஷக்கணக்காகத் துணி மூடிக் கிடந்த காரைத் தவசி ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து குனிந்தபோது, நடுவிலிருந்த ஹோஸ் ஒன்று வெடித்தது.

கார்புரேட்டர் வண்டியில் ஹோஸ் போனால் பெட்ரோல் சொட்டும். இதில் பீய்ச்சும். காய்ந்து சிவந்திருந்த புகைக்குழாயின் மேல் பெட்ரோல் பனிபோல விசிறி அடித்ததைப் பார்த்துத் தவசி கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் வந்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீஸும், அங்கே மற்றப் பெண்களோடு உட்கார்ந்து வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி வெயிலாட்சியும். ஒன்றும் நடக்கவில்லை. பெட்ரோல் சீறியது, ஆவியாகப் போனது, நெடி அடித்தது, அவ்வளவுதான்.

அதே நிமிஷத்தில் கடைத்தெருவில் டீக்கடை அடுப்பு அணைந்தது, கோயிலில் விளக்கு அணைந்தது, யார் வீட்டிலோ தாளித்துக்கொண்டிருந்த கடுகு வெடிக்காமல் எண்ணெயிலேயே கிடந்தது. தீக்குச்சியை உரசினால் உரசுகிற சத்தம் வந்தது, வாடை வந்தது, தீ வரவில்லை. கேஸ் அடுப்பு உஸ்ஸென்று ஊதியதோடு சரி. சாத்தூர் பஸ் ஊர் எல்லையில் அடங்கிப்போய் நிற்க, ஜனங்கள் இறங்கி ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் தள்ளினார்கள், மறு எல்லையைத் தாண்டியதும் அது தானாகப் பிடித்துக்கொண்டு போனது. முதலில் குச்சி செய்தவர்களைத் திட்டினார்கள், பிறகு கேஸ்காரனை, பிறகு காற்றை; சாயந்தரம் ஆனபோது திட்டுவதற்கு யாரும் மிச்சமில்லாமல், ஊறவைத்த அவலைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

தவசி அந்த ஹோஸின் மேல் கித்தான் துணியைச் சுற்றி, கிளிப் போட்டு முறுக்கி, வண்டி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினான். ஊரில் ஒரு வண்டிகூட ஓடாத அன்றைக்கு அந்தக் கார் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. வெள்ளூரணியின் தீ முழுவதும் அந்த இன்ஜினுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

முதலில் வந்தவள் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சக் கிண்ணத்தோடு வந்த ஒரு பெண். அவள் கிண்ணத்தை இன்ஜின்மேல் வைத்தாள், பால் பொங்கியது, எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் உலைப்பானைகள் வந்தன, அதற்கு மறுநாள் வரிசை வந்தது, வரிசையில் சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்கத் தெருவாரியாக முறை வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீர் பிடித்தார்கள். பூசாரி கற்பூரத்தட்டை இன்ஜின்மேல் வைத்துச் சூடாக்கிக் கோயிலுக்கு எடுத்துப்போக, ஜனங்கள் அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விபூதி வாங்கினார்கள். இறந்தவர்களை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் எரித்தார்கள். கல்யாண மாப்பிள்ளை நடந்தே வந்தார், ஏனென்றால் காரை செட்டை விட்டு எடுத்தால் ஊருக்குச் சோறு வேகாது. வெளியூரிலிருந்து பெண் எடுத்தவர்கள், எங்கள் ஊரில் அடுப்பு கிடையாது, கார்தான் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், பெண் வீட்டாரும் அதைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப்போல ஒரு சங்கதியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

வெயிலாட்சிக்கு அந்தக் காலம் வேறு மாதிரி இருந்தது. அவளுடைய தங்கை செல்லக்கிளி அதே ஆபீஸில், அதே வேலையில், ஒரு மத்தியானம் மருந்து உரசிப் பற்றியதில் போய்விட்டவள். அதற்குப் பிறகு வெயிலாட்சி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து கையை முகர்ந்து பார்ப்பாள். தீ நின்ற பிறகு அவள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள், உடம்பு தேறியது, வேலைக்குப் போகும்போது பாட்டுகூட முணுமுணுத்தாள். தவசி அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், ஆனால் அந்தச் சந்தோஷத்தை அவனால் முழுதாக நம்ப முடியவில்லை.

ஏனென்றால் ஆபீஸில் நடந்தது அவனுக்குத் தெரியும். பற்றாத மருந்துக்கு என்ன பயம் என்று தனுஷ்கோடி முதலில் மணல் வாளிகளை எடுத்தார். பிறகு ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்றிருந்ததை எடுத்தார், நாலு பேர் இருந்த அறையில் இருபது பேர் உட்கார்ந்தார்கள், எப்போதும் திறந்தே இருந்த கதவுகளைத் தூசி வருகிறது என்று சாத்தினார்கள். மருந்து உலோகத்தோடு உரசியது, கல்லோடு உரசியது, செருப்போடு உரசியது, ஒரு பொறிகூட வரவில்லை. செய்த வெடியை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் பற்றவைத்தால் வானத்தைப் பிளந்தது, ஊருக்குள் மண்ணாங்கட்டிபோல் கிடந்தது. இப்படி ஒரு வசதி எந்த முதலாளிக்கும் வாய்த்ததில்லை. சரக்கு வைக்கிற கிட்டங்கி நிரம்பியதும் வேலையை வீட்டுக்குக் கொடுத்தார்கள், மருந்து மூட்டைகள் கட்டிலுக்கு அடியிலும் சாமி மாடத்துக்குப் பக்கத்திலும் அணைந்த அடுப்பின் மேலேயும் வந்து உட்கார்ந்தன, பிள்ளைகள் அதில் சாய்ந்துகொண்டு பாடம் படித்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கிழட்டு இன்ஜின். தவசி தினமும் பானெட்டுக்குள் குனிந்து ஹோஸ்களை விரலால் தடவுவான். ரப்பர் உலர்ந்து, வெயில் காலத்துக் கண்மாய் மண்போலக் கீறல் விட்டிருந்தது, வளைகிற இடங்களில் நூல் பின்னல் பிரிந்து நின்றது, மூட்டுகளில் பெட்ரோல் வியர்த்தது. பானைகள் கொதிக்கிற இடத்துக்கு ஒரு சாண் கீழே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்க, பெண்கள் அந்த ஈரத்தைத் தாண்டி நின்று ஊர்க்கதை பேசினார்கள். அவன் கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்பிப் புது ஹோஸ்களும், மூட்டுக்குப் போடுகிற செம்பு வாஷர்களும் தருவித்தான். சமையல் முடிந்து வண்டி ஆறியிருந்த ஒரு பிற்பகலில், டேங்குக்குத் திரும்பிப் போகிற ஹோஸை முதலில் மாற்றலாம், அதுதான் அழுத்தம் குறைந்தது என்று நினைத்து, மூட்டைத் துணியால் பொத்திக்கொண்டு மெதுவாகத் தளர்த்தினான். உள்ளே அடைத்திருந்தது பெருமூச்சு விட்டதுபோல் வெளியேறியது.

அந்த நிமிஷம் ஊரிலிருந்த எல்லா விளக்கும் தானாக எரிந்தது. கோயில் விளக்கு எரிந்தது, மாடத்து அகல் எரிந்தது, பரணில் எறிந்துவிட்டு மறந்துபோன அரிக்கேன் எரிந்தது. மாடத்து விளக்குகளுக்குப் பக்கத்தில் மருந்து மூட்டைகள் இருந்தன. சாக்குகள் பற்றின, மருந்து பற்றவில்லை. ஆனாலும் மருந்து மூட்டையின் மேல் தீ நடந்து போவதைப் பார்த்த பெண்களின் அலறல் கார் செட்டுவரைக்கும் கேட்டது.

ஊர் கூடித் தவசியைக் கேட்டது. அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்: ஒவ்வொரு ஹோஸுக்குள்ளும் ஒரு வகைத் தீ நிற்கிறது, இத்தனை நாளும் எரிந்திருக்க வேண்டியது எல்லாம் அடைபட்டு நிற்கிறது, ஹோஸ் தானாக வெடித்தால் கேட்காமல் வரும், நாமாகக் கழற்றினால் சொல்லிவிட்டு வரும். தனுஷ்கோடி சிரித்தார். இனி அந்த வண்டியில் கை வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

அன்றைக்கு வீட்டில் வெயிலாட்சி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊர்ல பொறந்ததுல இருந்து இப்பத்தான் நான் பயமில்லாம வேலைக்குப் போறேன். அது ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

"பயம் எங்கயும் போகல, வெயிலு. அந்த ரப்பருக்குள்ளதான் இருக்கு. அந்த ரப்பர் பிஞ்சிக்கிட்டிருக்கு."

அவள் எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டையை இழுத்துத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, கண்மாயைப் பார்த்து நடந்தாள். அவள் போவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தன் மூட்டையைத் தூக்கினாள், அவளைப் பார்த்து அடுத்தவள், இப்படியாக வறண்டு கிடந்த கண்மாயின் நடுவில் வீடுகளிலிருந்த மருந்து முழுவதும் போய்ச் சேர்ந்தது, அங்கே பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அதைச் சேறாக்கினார்கள். ஆண்கள் கூட்டம் போட்டு இதைக் கண்டிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது வேலை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தடுக்க யாரும் வராததால் தவசி ஒவ்வொரு ஹோஸாக மாற்றினான். பம்பு ஹோஸைக் கழற்றிய அன்று ஊரிலிருந்த வண்டிகளெல்லாம் ஆள் இல்லாமலே உறுமின, சாத்தூர் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அடுத்ததைக் கழற்றியபோது அடுப்புகள் எரிந்தன, முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஊரே உலை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தது. பிறகொரு நாள் இன்னொன்றைக் கழற்றியபோது, ஆள் வராமல் கிடந்த சுடுகாட்டில் சாயந்தரம்வரை தீ நின்று எரிந்தது, இறந்தவர்களை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் எரித்திருந்த வீட்டுக்காரர்கள் போய் அதன் முன்னால் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். இன்ஜெக்டர் ஹோஸ்களும் முடிந்தன. மிஞ்சியது கித்தான் சுற்றியிருந்த அந்த ஒன்று, முதலில் வெடித்தது. மிஞ்சிய தீ எது என்பதையும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளக்கு எரிந்தது, அடுப்பு எரிந்தது, வெடி மட்டும் இன்னும் ஊருக்குள் வெடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஆள் இல்லாதபோது அதையும் மாற்றிவிடுகிறேன் என்று தவசி போய்க் கேட்டான். கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலையில் உரசாத உரசல் இல்லை, அத்தனையும் ஒரே சமயத்தில் வரும், கட்டடம் நிற்காது என்பதையும் மறைக்காமல் சொன்னான். தீபாவளி முடியட்டும் என்றார் தனுஷ்கோடி. தீபாவளி முடிந்தது, வடக்கே கல்யாண சீசன் என்றார். அது முடிந்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டு, செட்டுக்குச் சங்கையாவைக் காவல் வைத்தார். சங்கையாவின் மகளும் ஆபீஸில்தான் வேலை பார்த்தாள். அதனால் அவர் தினமும் காலையில் தவசியை உள்ளே விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். தவசி கித்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வருவான். வண்டி ஓடாமல் நின்றும் அந்த ஹோஸுக்குள் அழுத்தம் இறங்கவே இல்லை, விரலுக்கு அடியில் நாடிபோல இருந்தது. காய்ந்துதான் இருக்கு, என்பான் அவன். சங்கையா தலையை ஆட்டுவார். ஆபீஸில் சங்கு ஊதும், பெண்கள் உள்ளே போவார்கள்.

ஒரு நாள் சங்கு ஊதி, கடைசிப் பெண்ணும் உள்ளே போன பிறகு, அவன் விரலில் ஈரம் பட்டது.

கித்தானை அவிழ்த்தான். ரப்பரில் நெல்மணி அளவுக்கு ஒரு பிளவு, அதிலிருந்து பெட்ரோல் ஊசிபோல எழும்பியது. அவன் கட்டை விரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, எல்லாரையும் வெளியே வரச் சொல்லச் சொன்னான். வாழ்நாளில் ஓடியறியாத சங்கையா ஓடினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கதவுகள் திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம், ஃபோர்மேன் கத்துகிற சத்தம், பிறகு பெண்கள் கூட்டமாக ரோட்டைத் தாண்டிக் கண்மாய்க்கரைக்குப் போகிற சத்தம். தவசியின் விரலுக்கு அடியில் பிளவு மெதுவாக நீண்டது. வெயிலாட்சி செட்டுக்குள் வந்தாள், கையெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது.

"எல்லாரும் வந்தாச்சா?"

"பொம்பளைங்க எல்லாரும் வந்தாச்சு. மொதலாளி உள்ள போயிட்டாரு. எல்லாரும் சேந்து நாடகம் போடுதாங்கன்னு சொல்லி, மருந்து ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு."

ஆள் அனுப்பினார்கள். வரவில்லை. மகள் வந்து வாசலில் நின்று அழுதாள், அதற்கும் வரவில்லை. உச்சி வெயிலில் தவசியின் விரல் மரத்துப்போனது, சங்கையா தன் விரலை அவன் விரலுக்கு அடியில் நுழைத்து வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து ஒரு பெண் வாங்கினாள், அவளிடமிருந்து இன்னொருத்தி. இதற்கும் தெருவாரியாக முறை வந்துவிட்டது. வந்தவர்கள் கை கழுவிக்கொண்டு வந்து, பிடித்து, மரத்ததும் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் கண்மாய்க்கரைக்குப் போய் உட்கார்ந்தார்கள். பிளவு ஒரு விரல் அளவாகி, இரண்டு விரலாகி, உள்ளங்கை வைத்துப் பொத்த வேண்டியதாயிற்று. கதவைச் சாத்தச் சொன்ன மனுஷனுக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பொழுது சாய்கிறபோது வெயிலாட்சியின் முறை வந்தது. தவசி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பெட்ரோல் அவள் மணிக்கட்டில் வழிந்து முழங்கையில் சொட்டியது.

"செல்லக்கிளி உள்ள இருந்தப்ப எதையும் யாரும் இப்படிப் பிடிக்கல," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கையை எடுத்துரட்டுமா?"

தவசி அவள் கையைப் பார்த்தான். அந்தக் கை வெளுத்துப்போயிருந்தது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

அப்போது தனுஷ்கோடி வந்தார். மனசு மாறி வரவில்லை; ஒரு நாள் வேலையைக் கெடுத்தவர்களைக் கையோடு பிடிக்க, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரம்போடு சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார். செட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். வெயிலாட்சியின் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார்.

"நீங்க ஒருத்தருதான் பாக்கி, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு அவள் கையை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பகல் திரும்பி வந்ததுபோல் வெளிச்சம் எழுந்தது. அது ஒரே வெடியாக இல்லை. மருந்து கல்லில் உரசியதற்கு ஒன்று, செருப்பில் உரசியதற்கு ஒன்று, ஆணியில் உரசியதற்கு ஒன்று என்று வரிசையாக, முந்தின உரசல் முந்தியும் பிந்தினது பிந்தியும், எந்தப் பெண் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாளோ அந்த இடத்தில் அவளுக்கு வரவேண்டியிருந்தது வந்து எரிந்துவிட்டுப் போனது. கண்மாய்க்கரையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொண்டு, அது உன்னுடையது, இது என்னுடையது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் விடிந்தபோது குழிதான் இருந்தது, செட்டுப் பக்கத்துச் சுவர் மட்டும் நின்றது.

மறுநாள் தவசி கடைசி ஹோஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டி, மூட்டுகளைத் துடைத்து ஈரம் இல்லை என்று பார்த்து, தனுஷ்கோடி கொடுத்தனுப்பிய சாவியைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தான். அது எல்லாக் கார்களையும்போல ஓடியது. தனுஷ்கோடி காரை வாங்கிக்கொண்டு போனார். ஊரில் சிலர் தவசியைக் கும்பிட்டார்கள், சிலர் நல்லாயிருந்ததைக் கெடுத்தவன் என்று அவன் கடைக்கு வண்டி விடுவதை நிறுத்தினார்கள்.

குழியில் மழைத் தண்ணீர் நிற்கத் தொடங்கிய நாட்களில், பக்கத்து நிலத்தில் புது ஆபீஸுக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். வெயிலாட்சி மறுபடியும் தூக்கத்தில் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். போக வேண்டாம் என்று தவசி சொன்னான். வேற எங்க போறது என்று அவள் கேட்டாள். ஆள் எடுக்கிற அன்று அவள் எல்லாருக்கும் முன்னால் கிளம்பிப் போய், சுண்ணாம்பு வாடை போகாத அந்த அறைக்குள் முதல் ஆளாக நுழைந்து, வாசலை ஒட்டிய இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, பின்னால் வந்தவளிடம் கதவைச் சாத்தாதே என்றாள்.